ஆதாரம்

மைனாட், வடக்கு டகோட்டா.
இரவுப் பணி முடிந்தும் காரை எடுக்காமல்
உட்கார்ந்திருக்கிறாள் லொரெட்டா ஹாவர்சன்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
ஸ்டியரிங்கில் சாய்ந்த மடிக்கணினியில்
ஐந்தாம் வாரப் பாடம்.

உங்கள் வசதிப்படி படிக்கலாம் என்றார்கள்.
வசதி என்பது
ஏழே காலிலிருந்து
எட்டுக்குப் பையன் எழும் வரை.

பத்தொன்பது வருட நர்ஸ்.
நரம்பு அகப்படாத கை என்றால்
டாக்டர்களே இவளுக்குத்தான் ஆளனுப்புவார்கள்.
பட்டம் மட்டும் இல்லை.

போன கட்டுரையில் எழுதியிருந்தாள்:
"சாகப்போகிறவர்கள் முந்தின நாள்
போர்வையைத் தள்ளிவிடுவார்கள்."
ஓரத்தில் சிவப்பாக ஒரே சொல்:
ஆதாரம்?

பதினான்காம் படுக்கை என்று எழுத முடியுமா?
கோதுமை விவசாயி ஆர்விட்,
மூன்று முறை போர்த்திவிட்டேன் என்று?

தேடினாள். ஓர் ஆய்வு கிடைத்தது.
யாரோ எங்கோ கட்டிலோரம் நின்று குறித்தது.
மாதிரி அளவு: நாற்பத்தொன்று.

நாற்பத்தொன்றுதானா.
விரலை மடக்க ஆரம்பித்தாள்.
ஆர்விட்.
முயல் செருப்போடு வந்த தபால்காரி.
இரட்டையரில் ஒருவர், எவர் என்று இப்போது தெரியவில்லை.
இரண்டு கையும் தீர்ந்து, மறுபடி தீர்ந்து,
நாலாம் தடவை கட்டைவிரலுக்கு வந்தபோது
கண்ணாடியின் உள்பக்கம் உறைந்திருந்தது.

ஆய்வாளர் பெயர், ஆண்டு, பக்கம்,
காற்புள்ளி சரியான இடத்தில்.
அனுப்பினாள்.

வீட்டில் பையன் இன்னும் தூக்கம்.
போர்வை கட்டிலுக்குக் கீழே கிடந்தது.
அறை சூடாக இருக்கிறது, அவ்வளவுதான்.
இருந்தாலும்
கோட்டைக்கூடக் கழற்றாமல் போய்
போர்த்திவிட்டாள்.