மூன்றாம் நம்பர் மைக்

திருகோணமலைக் கடற்கரை மேடை, சுற்றுலா வாரம்.
மூதூர்ப் படகு பிந்தியதால்
ஓட்டமும் நடையுமாய் வந்தாள் கண்டுமணி அக்கா,
நூல் சேலை, கக்கத்தில் ஒரு பைல்.

"வேடர் ஆட்டம் எண்டு நோட்டீஸ் அடிச்சாச்சு,
இதைக் கட்டுங்கோ" என்றார் அலுவலர்.
பூவரசம் இலையில் பாவாடை,
பிளாஸ்டிக் வில்.

அக்கா இலையை முகர்ந்து பார்த்து
ஓரமாய் வைத்தாள்.
சேலையை வரிந்து கட்டித்தான் ஆடினாள்.
பலகை அதிர்ந்து
என் மிக்ஸரில் சிவப்பு விளக்கு எகிறியது.

சட்டென்று நின்றாள். மூச்சு வாங்க,
"எங்கட காட்டில நான் ஓரிலை பறிச்சால்
கோட்டுக்குப் போகவேணும்.
போன கிழமையும் போனனான்.
வன இலாகாவின்ர எல்லைக்கல்
என்ர அடுப்படிக்குள்ள நிக்குது."

பைலை விரித்தாள்.
தேன் எடுத்த மரங்களை, குளங்களை,
புதைத்த பிள்ளைகளை
ஒவ்வொன்றாய்ப் பேர் சொல்லி வாசித்தாள்.

"மைக்கை நிப்பாட்டடா!"
நிப்பாட்டினேன்,
ஒன்றையும் இரண்டையும்.
அவள் கையில் இருந்தது மூன்று.

பந்தலுக்குப் பின்னால்
கோட்டை மான்கள் இரண்டு
இலைப் பாவாடையைத் தின்றுகொண்டிருந்தன,
யாரிடமும் பெர்மிட் கேளாமல்.

அன்றைய கூலி
எனக்கு இன்னும் வரவில்லை.
அக்காவுக்கும்தான்.