எந்தக் காத்துல?

வரிக்கு இரண்டே முக்கால் ரூபாய்.
இரவு பத்துக்கு மேல்தான் தொண்டியில் சிக்னல் நிற்கும்.
கவிழ்த்த வாளிமேல் மடிக்கணினியை வைத்து
ஐரோப்பாவை இரண்டிரண்டு ஊராகப் பிரிக்கிறேன்.
வான்வழி இத்தனை. சாலைவழி இத்தனை.
லியோன், டூரின். போர்த்தோ, விகோ.
போகிறவர் யார், எதற்கு என்று
எந்தக் கட்டமும் கேட்பதில்லை.

ஹெல்சிங்கி, தாலின்.
வான்வழி எண்பத்திரண்டு கிலோமீட்டர்.
சாலைவழி கேட்டால் வரைபடம்
என்னைக் கப்பலில் ஏற்றிவிடுகிறது.
சென்னையிலிருந்து பிரதாபன் சாரின் செய்தி:
"கப்பல் ரோடு ஆகாது மேடம். அந்த டிக்கை எடுங்க."

எடுத்தேன்.
நீலக்கோடு திடுக்கிட்டுக் கரையேறி
கிழக்கே ஓடி, வேறொரு நாட்டுக்குள் புகுந்து,
பீட்டர்ஸ்பர்க்கைச் சுற்றி, மறுபடி மேற்கே வந்து
எழுநூறு தாண்டி மூச்சு வாங்கி நின்றது.
நடுவில் எல்லைச் சாவடிகள்.
திறந்திருக்கிறதா என்று எழுத
அதில் இடமில்லை.

இந்த வளைவு எனக்குத் தெரிந்ததுதான்.
தொண்டிக் கரையில் நின்று தெற்கே கை நீட்டினால்
கடலுக்கு அந்தப் பக்கம் பாம்பன்,
என் தங்கை அமலோற்பவம்.
நேரே போனால் ஐம்பத்தைந்து இருக்கும்.
பஸ் என்றால் தேவிபட்டினம், ராமநாதபுரம்,
அங்கே இறங்கி ஒரு டீ, காத்திருந்து
உச்சிப்புளி, மண்டபம், பாலம்.
நூறை நெருங்கும்.
அப்பாவின் இன்ஜினை விற்ற கணக்கில்
பதினோராயிரம் இடிக்கிறது என்று அவள் சொன்னபின்
இரண்டு வருஷமாக
அந்தப் பஸ்ஸில் நான் ஏறவில்லை.
போனில் அவள் பெயர் இருக்கிறது.
ஒரு விரல் தூரம்.

இரண்டு மணிக்கு இன்னாசி எழுந்தார்.
டீசல் கேனோடு என் தோளுக்குப் பின்னால் நின்று
"என்ன தூரம் அது?"
"எண்பத்திரண்டு."
"எந்தக் காத்துல?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
"வாடையில பாய் கட்டுனா பாம்பனுக்கு அஞ்சு மணி நேரம்.
சோழகத்துல எதிர்த்துப் போனா பொழுது போயிரும்.
கச்சான் முத்திட்டா தூரமே கெடையாது.
வல்லத்தக் கரையில ஏத்திட்டுப் படுக்க வேண்டியதுதான்."

அவர் போனபின்
குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில்
'காற்றைப் பொறுத்தது' என்று தட்டினேன்.
காலையில் அது சிவப்பாக இருந்தது.
அந்த வரிக்குக் காசு இல்லை.

மதியம் வலையை உதறியபடியே இன்னாசி சொன்னார்:
"நடுக்கடல்ல கஸ்பார் போட்டு நின்னுச்சு.
ஐஸ் தீந்துபோச்சாம். ரெண்டு கூடை குடுத்தேன்."
கஸ்பார் தங்கையின் புருஷன்.
"பேசுனியளா?"
"இல்ல."
"எவ்வளவு தூரத்துல நின்னாக?"
கொஞ்சம் யோசித்தார்.
"கயிறு எறிஞ்சா புடிக்கிற தூரம்."

இரவு பத்து. சிக்னல் வந்துவிட்டது.
ஆஸ்லோ, பெர்கன்.
கூடைகள் இரண்டும் பாம்பனில் இருக்கின்றன.
யாராவது ஒருவர் போய் வாங்கி வர வேண்டும்.