பதினான்கு பதில்கள்

பெர்கனில் காலை ஆறரை. மழை.
பதினான்கு கைபேசிகளிலும் என் கேள்வி:
தூக்கம் எப்படி? தொடை வலிக்கிறதா? மனசு?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்.

ராக்ன்ஹில்ட் பத்து நாளாய் நான்குதான் போடுகிறாள்.
அவள் மார்புப்பட்டை வேறு கணக்கு சொல்கிறது;
குதித்த உயரத்தில்
மூன்று சென்டிமீட்டரைக் காணோம்.
நான் கேட்கவில்லை.

வியாழனன்று இரண்டு போட்டாள்.
கூடவே, யாரும் கேட்காத ஒரு வரி:
"பையனுக்குப் பல் முளைக்கிறது. இரவெல்லாம் என் தோளில்தான்."

திரையில் அது சிவப்பாய் விழுந்தது.
பயிற்சியாளரிடம் காட்டினேன். அதற்குத்தான் சம்பளம்.

சனிக்கிழமை ஹேண்ட்பால் அரங்கில்
பெஞ்சில் இருந்தாள், ஈரமே ஆகாத துண்டோடு,
என் பக்கம் திரும்பாமல்.

ஞாயிறு ஆறரை. மழை விடவில்லை.
பதில்கள் வந்துவிட்டன,
வழக்கத்தைவிடச் சீக்கிரமாய்.
பதினான்கும் நான்கு.