படகின் பெயர்

விவாகரத்தாகிப் பதினோரு வருஷம் கழித்து
குட்வெய்க் என்னை வரச்சொன்னாள்
ஹாமர்ஃபெஸ்ட் துறைமுகத்துக் காப்பிக்கடைக்கு.
மதியம் இரண்டு மணி இருட்டு.
மேசையில் இரண்டு பக்கக் காகிதம்,
சாட்சிக்குப் பனியள்ளும் வண்டியோட்டி,
மருந்துக்கடை ஆஸ்லாக்.
இருவரும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டுமாம்.
சட்டம்.

"உன் தம்பி இருக்கிறானே" என்றேன்.

"ஓட்வார் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான்.
நாளைக்கு டாக்டருக்கும் ஆட்டுவான், வங்கிக்கும் ஆட்டுவான்.
நான் எதற்கெல்லாம் வேண்டாம் என்பேன் என்று
இருபது வருஷம் சண்டை போட்டவனுக்குத்தான் தெரியும்."

எனக்கு அதிகாரம் இல்லாதவற்றையும் வாசித்தாள்:
அவளுக்காக நான் ஓட்டுப் போடக் கூடாது,
உயில் எழுதக் கூடாது,
அவளுக்குக் கல்யாணம் செய்துவைக்கக் கூடாது.
வண்டியோட்டி இருமினார்.
சிரித்துவிட்டோம், இரண்டு பேரும்,
என்றைக்கோ நிறுத்திய இடத்திலிருந்து.

கடைசி வரியை
அவளே பேனாவால் சேர்த்திருந்தாள்:
*படகை விற்கலாம்,
அதன் பெயரை நான் மறந்த பிறகு.*

இது நான்காவது குளிர்காலம்.
வங்கிக்குக் கடிதம் எழுதும்போது
"நான்" என்று தொடங்கி
அடித்து
"அவர்" என்று திருத்துகிறேன்.
அவர் விரும்புகிறார். அவருக்குச் சம்மதம்.
அவர் சர்க்கரை போட்ட காப்பி குடிக்கமாட்டார்
என்று விடுதி நர்ஸிடம் மூன்று முறை சொல்லியாகிவிட்டது.
போன மாதம் அவள் அதைக் குடித்தாள்.
இன்னொன்று கேட்டாள்.
எந்த குட்வெய்க்குக்கு நான் கையெழுத்துப் போட்டேன்?

வியாழக்கிழமைதோறும் போகிறேன்.
"நீங்கள் வங்கியா?" என்கிறாள்.
"கிட்டத்தட்ட" என்கிறேன்.
பிறகு படகின் பெயரைக் கேட்பேன்.
என் பெயர் போய், ஓட்வார் போய்,
இந்த ஊர் பாதி போன பின்னும்
அதை மட்டும் சட்டென்று சொல்வாள்,
என்ன கேள்வி இது என்கிற முகத்தோடு.

வாங்க ஆள் வந்திருக்கிறான், ஆல்டாவிலிருந்து.
நல்ல விலை.
விடுதிக்குக் கட்டணம் பாக்கி.
அடிப்பலகையில் ஈரம் ஏறிவிட்டது,
இன்னொரு வருஷம் தாங்காது.

இன்று கேட்டேன்.
அவள் ஜன்னலைப் பார்த்தாள்.
கையுறையின் ஒரு விரலை
உள்ளும் வெளியுமாகத் திருப்பினாள்.
நர்ஸ் உள்ளே வந்து, தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.
இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குனிந்து
முதல் எழுத்தைச் சொன்னேன்.

காகிதத்தில் அதற்கு இடமில்லை.
சாட்சியும் இல்லை.