மறதிக்குச் சம்பளம்

டி.எச். ரோட்டில் கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகு
இந்த ஏ.டி.எம்.மில் மட்டும் வெளிச்சம்.
ஏ.சி. மெஷினுக்கு. எனக்கில்லை.
நான் கண்ணாடிக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில்,
உடைந்த காலுக்கு அண்டையாக ஒரு செங்கல் சில்லு.

உள்ளே சுவரில் ஒரு பலகை:
உங்கள் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்.
அதற்கு நேர் கீழே நின்றுதான் சொல்வார்கள்.
படிக்கத் தெரிந்தவர்கள்
என்னிடம் ஏன் வரப்போகிறார்கள்.

"அண்ணே, இத கொஞ்சம் போட்டுக் குடு.
நாலு, ஒண்ணு, ஒம்போது, ஒம்போது.
ஐநூறு போதும்."
காசிமேட்டுச் சம்பூரணம்.
கார்டில் எப்போதும் ஒரு செதில் ஒட்டியிருக்கும்,
நகத்தால் சுரண்டிவிட்டுச் சொருகுவேன்.
கல்மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கும் நூர்ஜஹான்
காதோரம் வந்து கிசுகிசுப்பாள்.
ரகசியம் என்று தெரியும்,
யாரிடமிருந்து என்றுதான் தெரியாது.
மெட்ரோ வேலைக்கு வந்த பீகார்ப் பையன்
விரல் காட்டுவான்: இரண்டு, ஏழு, முஷ்டி, ஏழு.
முஷ்டி என்றால் பூஜ்யம்.

அமுக்கிக் கொடுத்ததும் ரோட்டைப் பார்ப்பேன்.
ஏதாவது பஸ் வரும்.
சம்பூரணத்தின் மேல் ஐம்பத்தாறை ஏற்றுவேன்,
நூர்ஜஹான் மேல் முப்பத்தெட்டு.
பஸ் போய்ச் சேர்வதற்குள்
எண் நசுங்கியிருக்க வேண்டும்.
ராத்திரிக்கு முந்நூற்றைம்பது ரூபாய்,
எதற்கென்று கேட்டால்
பாதி இதற்குத்தான் என்பேன்.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
கழுத்தில் பட்டையும் அட்டையுமாக ஒருவன் வந்தான்.
சர்வீஸ் என்றான். கையில் பை.
இருபது நிமிடம் குனிந்து வேலை பார்த்தான்.
வெளிச்சம் பத்தவில்லை என்றதால்
டார்ச் பிடித்தது நான்.
போகும்போது டீக்கு இருபது ரூபாய் கொடுத்தான்.
குடித்தேன்.

வியாழக்கிழமை போலீஸ் வந்து
கார்டு போடும் வாயிலிருந்து
பச்சை நாக்கு ஒன்றைப் பிடுங்கி எடுத்தது.
பலகையின் கீழ்விளிம்பில்,
'சொல்லாதீர்கள்' முடிகிற இடத்தில்,
கடுகளவு கேமரா.

ஸ்டேஷனில் படம் ஓடியது.
முகம் ஒன்றும் இல்லை, பொத்தான்கள் மட்டும்.
பதினான்கு கார்டு. ஒரே விரல்.
நகம் கறுத்த ஆட்காட்டி விரல்.
"இது யாரு விரல்யா?"
மேஜைமேல் வைத்தேன்.
ஷட்டர் நசுக்கிய நகம் சார்,
வளர்ந்தால் போய்விடும் என்றேன்.
எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.
"எத்தன பேர் நம்பர் தெரியும் உனக்கு?"
"ஒண்ணும் தெரியாது சார்."
அவர் சிரித்தார்.

ஐஸ் கம்பெனிக்குக் கட்ட வைத்திருந்த பதினோராயிரம்
யாரோ எந்த ஊரிலோ உருவியிருந்தார்கள்.
சம்பூரணம் அழவில்லை.
கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்து
பேங்க் கொடுத்த பாரத்தை என்னிடமே நீட்டினாள்.
"என்னண்ணே போட்டிருக்கு?"
ரைட்டர் பார்த்துக்கொண்டே இருந்தார்.
வாசித்தேன்.
ரகசிய எண்ணை வேறு யாரிடமாவது தெரிவித்தீர்களா?
ஆம் என்றால் பணம் திரும்பாது.
அது பொடி எழுத்தில் இருந்தது,
அதையும் வாசித்தேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.
"நீ யாராவதா?"
நான் பேசவில்லை.
"இல்லன்னு போடு."
அதே விரலால் பேனாவை அழுத்திப் பிடித்து
கட்டத்தில் டிக் போட்டேன்.

டார்ச்சைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னேன்.
மூன்று நாள் கழித்து விட்டார்கள்.
கம்பெனி மாதவரத்துக்கு மாற்றியது.
அடுக்குமாடி. வருகிறவர் பெயர், வண்டி நம்பர், நேரம்.
எல்லாம் நோட்டில் இருக்கிறது,
நான் எதையும் மறக்க வேண்டியதில்லை.

நேற்று ராத்திரி ஒரு ஐம்பத்தாறு போனது,
டிப்போவுக்குக் காலியாக.
அதன் அடியிலிருந்து எழுந்து வந்தது
நாலு, ஒண்ணு, ஒம்போது, ஒம்போது.
கார்டை மாற்றியிருப்பாள்.
அது இனி எதையும் திறக்காது.
மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.