இருபத்துநான்கு இடங்கள்

முதல்வர் அறையில் மின்விசிறி
மூன்றாம் எண்ணில் மட்டும் சுற்றும்.
முதுகலைத் தமிழுக்கு இடம் இருபத்துநான்கு,
விண்ணப்பம் ஒன்பது.
அதிலும் நாலு பேர்
பி.எட். கிடைத்தால் போய்விடுவார்கள் என்பது
தேநீர் கொண்டுவந்த சென்றாயனுக்கே தெரிந்திருந்தது.

"பதினைந்து வேண்டும்.
இல்லையென்றால் இந்த வருடம் நிறுத்திவைப்பு."
நிறுத்திவைப்பு.
வேப்பனப்பள்ளி போகும் கடைசிப் பேருந்துக்கும்
ஒருமுறை இதே சொல்லைத்தான் சொன்னார்கள்.
பதினோரு வருடமாகிறது.

துறைத்தலைவர் குப்புராஜ்
பழைய விடைத்தாளின் முதுகில் திட்டம் போட்டார்:
துண்டறிக்கை ஐந்நூறு. பர்கூர், காவேரிப்பட்டணம் அவருக்கு.
தொலைபேசி எனக்கு.
நான் கௌரவ விரிவுரையாளர்.
சம்பளம் வராத மாதங்களில்
முதல் சொல்லை மட்டும் வாங்கிக்கொள்கிறேன்.

திம்மராயன் ராயக்கோட்டை தக்காளி மண்டியில் இருந்தான்.
"பெட்டி எழுபதுக்கு விழுந்துட்டுதும்மா, அப்புறம் பேசறேன்."
அப்புறம் பேசவில்லை.

கெம்பம்மாவின் எண்ணை மாமியார் எடுத்து
யாரென்று தெலுங்கில் கேட்டார். காலேஜ் என்றேன்.
"பொண்ணு பொறந்து ஒம்போது நாளு" என்றார் தமிழில்.
பட்டியலில் அவள் பெயருக்கு நேரே
என்ன எழுதுவதென்று தெரியாமல்
குழந்தையின் எடையைக் கேட்டு எழுதினேன்:
இரண்டு கிலோ எண்ணூறு.

முகிலரசன் மாங்கூழ் ஆலையில் கணக்கெழுதுகிறான்.
பின்னால் பீப்பாய்கள் உருளும் சத்தம்.
"எம்.ஏ. முடிச்சா என்னம்மா ஆகலாம்?"
கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டான்.
முடித்தவள் நான். அதற்கு மேலும் மூன்று முடித்தவள்.
"சேரு, பேசலாம்" என்றேன்.
"பார்க்கலாம்மா" என்றான்.
இந்த மாவட்டத்தில்
பார்க்கலாம் என்பது எதிர்மறை வினைமுற்று.
இலக்கண நூல்களில் இல்லை,
எழுதிச் சேர்க்கவேண்டும்.

இரவு ஒன்று நாற்பதுக்குக் கைபேசி அடித்தது.
முனிரத்னா. ஓசூர்ப் பக்கம் கம்பெனி,
சாப்பாட்டு இடைவேளை இருபது நிமிடம்.
என் தவறிய அழைப்பைப் பார்த்தாளாம்.
எம்.ஏ. பற்றி நான் தொடங்குமுன்
அவள் கேட்டாள்:
"அம்மா, போன வருசம் ஒரு பாட்டு பாதியில விட்டீங்களே,
கார்காலத்துக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் போனவன்.
மழ வந்துடுது. அவன் வந்தானா?"

தேர்வு நெருங்கியதால் விட்ட பாட்டு.
தேர்வுக்கு வராது என்பதால் பிறகும் விட்டது.
தூக்கத்தில் எனக்கும் நினைவில்லை.
"சேர்ந்தா தெரிஞ்சுக்கலாம்" என்றேன்.
என் பதினாறு வருட ஆசிரியப் பணியில்
இதைவிட மட்டமான விளம்பரம் செய்ததில்லை.

அவள் சிரித்தாள்.
"மதியம் ரெண்டுக்கு மேல கிளாஸ் வைப்பீங்களா?
ஷிப்ட் முடிஞ்சு குளிச்சு பஸ் ஏறணும்."

குப்புராஜ் ஐயா கால அட்டவணையை அழித்து அழித்து
தாளில் ஓட்டை விழுந்தது.
காலை வகுப்பு என்பது அரசாணை என்றார்,
இயற்கை விதி என்றார்,
பிறகு மதியம் என்று எழுதினார்.
அதைக் கேள்விப்பட்டு
பெட்ரோல் பங்கிலிருந்து ஒருத்தன்,
ஜெராக்ஸ் கடையிலிருந்து அக்கா தங்கை இருவர்.
அப்படியும் பதினான்கு.

கடைசி நாள் மாலை
கோப்பைக் கட்ட வந்த சென்றாயன்
மேலே தன் விண்ணப்பத்தையும் வைத்துக் கட்டினார்.
பி.ஏ. தமிழ், மூன்றாம் வகுப்பு,
தேர்ச்சி பெற்ற ஆண்டு தொண்ணூற்றெட்டு.
"மணி அடிக்கிறது யாரு?" என்று கேட்டார் முதல்வர்.
"நானே அடிச்சுட்டு வந்து உக்காந்துக்கறேன்."

முதல் நாள். மதியம் இரண்டு பத்து.
மூன்றாம் பெஞ்சில் முனிரத்னா
கழுத்தில் கம்பெனி அட்டையோடு
கன்னத்தை நோட்டில் வைத்துத் தூங்கிவிட்டாள்.
பாடத்திட்டத்தை ஒதுக்கிவிட்டு
அந்தப் பாட்டைத்தான் எடுத்தேன்.
மழை இறங்கும் அடியில் நிறுத்தினேன்.
சென்றாயன் அவளைத் தட்டக் கை நீட்டினார்,
வேண்டாமென்று தலையசைத்தேன்.

அவன் இன்னும் வரவில்லை.