மேற்சுமை

நானூறு பக்க அறிக்கை.
சுருக்கம் மட்டும் தமிழில் போதும் என்றார்கள்:
முப்பத்து நான்கு பக்கம்,
பக்கத்துக்கு இருபத்தைந்து ரிங்கிட்.

பினாங்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும்
புக்கிட் செலாசேயை உடைத்து
அந்தப் பக்கக் கடலில் கொட்டி
கொட்டிய இடத்தில் ஊர் எழுப்பும் திட்டம்.
அறிக்கை அப்படிச் சொல்லவில்லை.
'கருங்கல் வளத்தின் உகந்த பயன்பாடு.'
நானும் அப்படியே எழுதினேன்.

ஐந்து பக்கம் ஓடியது.
ஆறாவதில் ஒரு சொல் காலை வாரிவிட்டது.

கல்லுக்கு மேலே இருக்கும் எல்லாவற்றுக்கும்
குவாரிக்காரர்களிடம் ஒரே பெயர்:
மேற்சுமை.
மண் மேற்சுமை.
மண்ணைப் பிடித்து நிற்கும் டுரியான் மேற்சுமை.
மரவட்டை, புற்று, ஊற்றுக்கண்,
பெயர் அழிந்த மூன்று சீனக் கல்லறைகள்,
தகரக் கூரைக்குக் கீழே
சுருட்டோடு காத்திருக்கும் முனியாண்டி
மேற்சுமை.
சராசரி ஆழம் ஏழு மீட்டர்.
அகற்ற ஒன்பது மாதம்.

இரவு தேவா லோரியை நிறுத்திவிட்டு வந்தான்,
காதுமடலில் வெள்ளைத் தூசியோடு.
மேற்சுமைக்கு வேற வார்த்தை இருக்கா, என்றேன்.
"ஓவர்லோடா? தராசுல பிடிச்சா
முந்நூறு வெள்ளி சம்மன்"
என்றபடி சோற்றைப் பிசைந்தான்.

லோரிக்கு இன்னும் ஐம்பத்தொரு மாதத் தவணை.

ஞாயிறு காலை சமூக மண்டபத்தில் கூட்டம்.
நாசி லெமாக் பொட்டலம் கம்பெனி செலவு.
ஒய்பி வந்தார்.
ஆறு வருடத்துக்கு முன் இதே மலையடியில்
அவர் கைகோத்து நின்ற படம் சுவரில்;
அதற்கு நேர் கீழே நாற்காலி போட்டிருந்தார்கள்.
"அன்று தரவு இல்லை. இன்று இருக்கிறது" என்றார்.
எதிர்க்கட்சிக்காரர் எழுந்து
மலைக்காகத் தொண்டை கம்மினார்.
முதல் உரிமத்தில் கையெழுத்து உங்களுது தானே
என்றது கடைசி வரிசை.
அவர் தண்ணீர் குடித்தார்.

பாக் சால்லே கேட்டது ஒன்றே ஒன்று:
இறால் குஞ்சு சேற்றில் மூச்சு விடுமா?
"கலங்கல் தற்காலிகமானது," என்றார் நிபுணர்.
எவ்வளவு காலம்?
"எட்டு ஆண்டு."

சி புளோக் குணவதி
கைப்பையிலிருந்து இரண்டு நாணயம் எடுத்தாள்.
"பழைய குவாரி வெடியிலயே சுவர் பிளந்திருச்சி.
போன வருசம் இந்தப் பத்து காசு நுழையல.
இப்ப ஐம்பது காசே உள்ள போயிருது."
அதையும் மலாயில் சொன்னேன்.
நிபுணர் நாணயங்களைக் குறித்துக்கொண்டார்:
அறுபது காசு.

பிறகு தேவா எழுந்தான்.
அவன் பேசுவான் என்று எனக்குத் தெரியாது.
"தூசிய நாந்தான் தினம் திங்கிறேன்.
மூணு நடையில தவணை கட்ட முடியல.
மலை திறந்தா ஆறு நடை.
வேணாங்கிறவங்க யாராச்சும்
அந்த மிச்ச மூணு நடையக் குடுப்பீங்களா?"
ஒருவரும் கொடுக்கவில்லை. சிலர் கை தட்டினார்கள்.
என் வீட்டுக் கடனை
நானே மலாயில் மொழிபெயர்த்தேன்,
ஒரு சொல்லும் குறைக்காமல்.

முடிகிற நேரத்தில் குணவதி
ஆறாம் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள்.
"இந்த மேற்சுமைங்கிறது
எங்களத்தான் சொல்றீங்களா?"
சொன்னேன். நிபுணர் சிரித்தார்.
இல்லை, இல்லை, நீங்கள் எல்லைக்கு வெளியே,
அறுபத்து மூன்று மீட்டர் வெளியே.

முடிவு அடுத்த மாதம்.

அன்று இரவு ஆறாம் பக்கத்தை மறுபடி திறந்தேன்.
அந்தச் சொல்லை அடித்துவிட்டு
அது வந்த இடத்திலெல்லாம்
மேலே இருப்பதை ஒவ்வொன்றாக எழுதினேன்.
சுருக்கம் முப்பத்தேழு பக்கம் ஆனது.
சொற்சிக்கனம் தேவை என்று திருப்பி அனுப்பினார்கள்.

உள்ளே தேவா தூங்குகிறான்.
மூச்சு இழுக்கும்போது
நெஞ்சுக்குள் எங்கோ
சல்லி சரிகிறது.